வாசகர் கேள்வி – பதில்: கோல் போடாதவரின் பெறுமதி

கனடாவில் உறவினர் உள்ள வன்னி வீடுகளில் ஐஸ் ஹொக்கி இப்போது தெரியாத விளையாட்டு இல்லை. சித்திரையில் பிளேஓஃப் (கிண்ணத்துக்கான வெளியேற்றுச் சுற்றுகள்) தொடங்கினால் ரொறன்ரோவின் இரவு 7 மணி ஆட்டம் எங்களுக்கு அதிகாலை 4.30. அதைப் பார்த்துவிட்டு எழுதியவர்களின் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஆளைச் சுற்றியே வந்தன: அதிகம் கோல் போடாமல், எதிரணியைத் தடுப்பதற்காகவே அணியில் இருப்பவர். அதனால் இந்த இதழின் இடம் முழுவதும் அவருக்கே.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன் மேப்பிள் லீவ்ஸ் அணியின் விசிறி. 2024இல் கிறிஸ் டனெவ் என்ற பின்கள வீரரை எடுத்ததைப் பெரிய விடயமாகச் சொன்னான். தேடிப் பார்த்தேன். அவர் ஒரு பருவத்தில் பத்து கோல்கூட அடித்ததில்லை. ஆனால் ஆறு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 45 இலட்சம் டொலர். இது எந்தக் கணக்கில் சரி?
– வாசகர், பரந்தன்

பதில்: ஆட்ட நேரத்திலிருந்து தொடங்குவோம். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.இல் ஒரு ஆட்டம் 60 நிமிடம், இருபது இருபதாக மூன்று பகுதி. பனியில் ஒரே நேரத்தில் ஐந்து பேரும் ஒரு கோல் காப்பாளரும். கோல் காப்பாளரை விட்டால் அன்றைய அணியில் 18 பேர்: மூன்று மூன்றாக நான்கு வரிசை முன்களம், இரண்டிரண்டாக மூன்று சோடி பின்களம். ஒருவர் 45 செக்கன் அளவில் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வருவார், அடுத்தவர் வேலிக்கு மேலால் பாய்ந்து உள்ளே போவார். எவ்வளவு பெரிய நட்சத்திர முன்கள வீரரும் இருபது, இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் விளையாடுவது அரிது. மிச்சம் நாற்பது நிமிடத்தை யார் விளையாடுவது, அந்த நேரத்தில் எத்தனை கோல் போகும் என்பதுதான் ஒரு அணியின் உண்மையான கேள்வி.

டனெவ் போன்றவர் அந்த நேரத்தில் மிகக் கடினமான பங்கை எடுப்பவர். எதிரணியின் முதல் வரிசை பனியில் இருக்கும்போது அவர் இருப்பார். தன் அணிக்கு ஓர் ஆள் குறைந்தால் அவர் இருப்பார். ஒரு கோல் முன்னிலையில் கடைசி இரண்டு நிமிடம் என்றாலும் அவரே. இவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: பக்கத்தில் விளையாடும் ஆளை அவர் விடுவிக்கிறார். வான்கூவர் அணியில் 2019–20இல் குவின் ஹியூஸ் தன் முதல் முழுப் பருவத்தை விளையாடியபோது பெரும்பாலும் அவருக்குச் சோடி டனெவ். ஹியூஸ் பக்கை (பந்துக்குப் பதிலாக அடிக்கும் இறப்பர்த் தட்டை) எடுத்துக்கொண்டு முன்னேறித் தாக்குபவர். பின்னால் ஒருவர் இடத்தை விடாமல் நிற்கிறார் என்ற உறுதி இருந்தால்தான் இருபது வயதுப் பையன் அப்படித் துணிந்து போகலாம்.

எங்கள் ஊர்க் கரப்பந்தாட்டத்தில் லிபரோவைப் பாருங்கள். வலைக்கு மேலே அடிக்க அவருக்கு அனுமதியே இல்லை. ஆனாலும் அவர் எடுத்துக் கொடுக்காத பந்தை எந்த அடிகாரனும் அடிக்க முடியாது.

ஒப்பந்தத்தின் விலை சரிதான். ஆறு வருடம் என்ற நீளம்தான் கேள்விக்குரியது. கையெழுத்து வைத்தபோது அவருக்கு 34 வயது. அதைப் பற்றிக் கீழே.

கேள்வி: ஓர் ஆள் பெனால்டிப் பெட்டிக்குள் இருக்கும்போது நான்கு பேர் ஐந்து பேரைத் தடுக்கிறார்கள். பெரும்பாலும் கோல் விழுவதில்லை. எப்படி?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: லீக்கின் சராசரி ஏறத்தாழ ஐந்துக்கு நான்கு தடவை தடுப்பது. இதைப் பெனால்டி கில் என்பார்கள். தடுப்பு வீரரின் சோறு இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சிறிய தவறு செய்தவர் 2 நிமிடம் பெனால்டிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், அதுவரை அவருடைய அணிக்கு ஓர் ஆள் குறைவு. அதற்குள் எதிரணி கோல் போட்டால் பெட்டிக்குள் இருப்பவர் உடனே வெளியே வரலாம். ஆகவே தடுப்பவர்களின் வேலை 120 செக்கனைக் கரைப்பது. இதற்கு விதியே ஓர் உதவி செய்கிறது. வழக்கமான ஆட்டத்தில் தன் பாதியிலிருந்து பக்கை எதிர் முனைவரை சும்மா அடித்துவிட்டால் ஐசிங் என்று ஆட்டம் நிற்கும், மீண்டும் உங்கள் கோல் பக்கமே தொடங்கும், அடித்த அணி ஆள் மாற்றவும் முடியாது. ஆள் குறைவாக இருக்கும் அணிக்கு இந்தத் தடை இல்லை. தளம் 61 மீற்றர் நீளம். ஒருமுறை சுத்தமாக வெளியே அடித்தால், எதிரணி போய் எடுத்து, ஒழுங்கமைத்து, மறுபடி உள்ளே வர 15, 20 செக்கன் போய்விடும். இப்படி மூன்று தடவை செய்தால் பாதி நேரம் கரைந்தது. வெளியே அடித்த அந்த நேரத்தில்தான் களைத்தவர்கள் மாற வேண்டும். மாறாமல் இன்னொரு சுற்று நின்றால் கால் பாரமாகி, தடி தாழாமல் போய், கோல் விழும்.

நிற்கும் விதம் எதிரணியைப் பொறுத்தது. எதிரணி இரண்டு பேரை மேலே நீலக் கோட்டருகே நிறுத்தினால், நான்கு பேரும் சதுரமாக நிற்பார்கள்: மேலே இரண்டு முன்களம், கீழே கோலடியில் இரண்டு பின்களம். இப்போது அதிகம் காணப்படுவது வேறு அமைப்பு. மேலே ஒருவர், நடுவில் இடம், மையம், வலம் என்று மூவர், கோல் வாயில் ஒருவர். அதற்கு எதிராகப் பலர் வைர வடிவுக்கு மாறுவார்கள்: மேலே ஒருவர், இரு பக்கமும் ஒவ்வொருவர், கோல் வாயில் ஒருவர். வோஷிங்டன் அணியின் பெரும் கோலடிகாரர் அலெக்ஸ் ஒவெச்கின் நிற்கும் இடப்பக்க வட்டத்தை நினைத்துப் பாருங்கள். அவர் அங்கேதான் நிற்பார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வருடக்கணக்காக அங்கிருந்து கோல் விழுந்தது. அவரோடு ஒருவரை ஒட்டிவைத்தால் மிச்சம் மூன்று பேருக்கு எதிராக எதிரணியில் நான்கு பேர் நிற்பார்கள். கோல் வாயில் இருப்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் வழி திறந்துவிடும்.

நல்லவர் என்ன செய்கிறார் என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். முதலில் தடி. தடியின் அலகு பனியைத் தொட்டபடி, குறுக்குப் பாஸ் போகக்கூடிய கோட்டில் கிடக்க வேண்டும். தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கோலுக்கு முன்னால் போகும் பாஸே மிக ஆபத்து. கோல் காப்பாளர் முழுமையாக நகரவேண்டி வரும், அதற்கிடையில் அடி வந்துவிடும். அலகு ஒரு சாண் உயர்ந்திருந்தாலும் பக் அதற்குக் கீழால் போய்விடும். இரண்டாவது, எப்போது பாய்வது. எதிராளி பக்கைச் சரியாக நிறுத்தாமல் தடுமாறும்போது, அல்லது முதுகைக் காட்டி வேலிப் பக்கம் திரும்பும்போது, அந்த ஒரு கணத்தில் நான்கு பேரும் சேர்ந்து நெருக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஆசைப்பட்டு ஓடினால் அவர் விட்ட இடத்தால் கோல் போகும்.

மூன்றாவது, உடலால் அடியை மறிப்பது. பக் 7.6 சென்ரிமீற்றர் அகலமான, உறைய வைத்த இறப்பர்த் தட்டு, 170 கிராம் அளவு. பலமான அடி மணிக்கு 150 கிலோமீற்றரைத் தாண்டும். மறிப்பவர் அடிப்பவருக்குக் கிட்டப் போக வேண்டும். கிட்டப் போனால் அதிக கோணம் மூடுபடும். நடுவழியில் நின்றால் பாதுகாப்பும் இல்லை, கோல் காப்பாளரின் கண்ணும் மறைந்துவிடும். முன்கூட்டி விழக்கூடாது. விழுந்தவரை அடிகாரன் ஒரு தட்டில் சுற்றிப் போய்விடுவான். அடிக்கும் தடி கீழே வரத் தொடங்கிய பிறகே ஒரு முழங்காலை இறக்கலாம். மறிக்க முடியாது என்று தெரிந்தால் முற்றாக விலகி, கோல் காப்பாளருக்குப் பார்வையைக் கொடுத்துவிடுவதே சரி.

பிழை விடுவது எங்கே என்றும் சொல்லவேண்டும். வெளியே அடிக்கக் கிடைத்த பக்கை நடுவால் அடிப்பது முதல் பிழை. வேலியோரமாக அடித்தால் எதிராளி நிறுத்தினாலும் கோணம் மோசம், நடுவில் நிறுத்தினால் நேரே கோல். இரண்டாவது, அவசரத்தில் பக்கைக் கண்ணாடிக்கு மேலால் பார்வையாளர் பக்கம் அனுப்புவது. தன் எல்லைக்குள்ளிருந்து அப்படி நேரே போனால் இன்னொரு 2 நிமிடத் தண்டனை. அப்புறம் மூன்று பேர் ஐந்து பேருக்கு எதிராக.

கேள்வி: சண்டை பிடிப்பதற்கென்றே ஆள் வைத்திருப்பார்களாமே, அவரும் இந்த வகையா?
– வாசகர், ஓமந்தை

பதில்: இல்லை. சண்டைக்கு 5 நிமிடத் தண்டனை. சண்டை மட்டும் தெரிந்தவருக்கு நான்காவது வரிசையில் ஐந்து நிமிடம் கொடுத்து வைத்திருந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. வேகம் கூடிய ஆட்டத்தில் அவர் பனியில் நிற்கும் நேரமே அணிக்கு நட்டம். இங்கே நாம் கதைப்பது விளையாடத் தெரிந்தவரைப் பற்றி.

கேள்வி: இப்படிப்பட்டவர்களால் கிண்ணம் வென்ற அணி ஒன்றை ஆதாரத்தோடு காட்ட முடியுமா? நட்சத்திரங்கள்தான் வெல்கிறார்கள் என்பது என் வாதம்.
– வாசகர், வவுனியா

பதில்: தம்பா பே லைட்னிங். 2018–19 பருவத்தில் இந்த அணி 82 ஆட்டத்தில் 62 வென்று 128 புள்ளி எடுத்தது. குச்செரோவ், ஸ்ராம்கோஸ், பொயின்ற், ஹெட்மன் என்று நட்சத்திரங்களுக்குக் குறைவே இல்லை. பிளேஓஃப்பின் முதல் சுற்றில் கொலம்பஸ் அணியிடம் ஆட்டக் கணக்கில் நாலுக்குப் பூச்சியம் என்று தோற்று வெளியேறியது.

அடுத்த பருவம், 2020 மாசியில், அவர்கள் இரண்டு பேரை வாங்கினார்கள். நியூ ஜேர்சியிலிருந்து பிளேக் கோல்மன், சான் ஹொசேயிலிருந்து பார்க்ளே குட்ரோ. ஒவ்வொருவருக்கும் முதல் சுற்றுத் தெரிவு ஒன்றைக் கொடுத்தார்கள். எதிர்கால நட்சத்திரம் ஒருவரை எடுக்கக்கூடிய உரிமை அது. மூன்றாம் வரிசை ஆளுக்கு இவ்வளவா என்று அப்போது பலர் கேட்டார்கள். விடை ஒப்பந்தத்தில் இருந்தது. கோல்மனின் சம்பளம் வருடத்துக்கு 18 இலட்சம், குட்ரோவின் சம்பளம் 9 இலட்சத்து 25 ஆயிரம் டொலர். இருவருக்கும் இன்னுமொரு வருடம் மிச்சம் இருந்தது. ஒரு விலைக்கு இரண்டு பிளேஓஃப்.

இவர்களை யானி கூர்டுடன் சேர்த்து ஒரு வரிசையாக்கினார்கள். மூவரும் பக்கைத் துரத்திப் போய் எதிரணியின் மூலையிலேயே வைத்திருப்பவர்கள், தண்டனை நேரத்திலும் நிற்பவர்கள். தங்கள் கோலிலிருந்து 50 மீற்றர் தள்ளி பக் இருக்கும்போது யாரும் உங்களுக்குக் கோல் போட முடியாது. இந்தத் தடுப்பு முறையைத் தொலைக்காட்சியில் தாக்குதல் என்றே பலர் நினைப்பார்கள்.

2020இல் லீக்கின் முதன்மைக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணம், 2021இல் மறுபடி கிண்ணம். 2021 அரையிறுதியின் ஏழாவது ஆட்டத்தில் நியூ யோர்க் ஐலண்டர்ஸை 1–0 என்று வென்றபோது அந்த ஒரே கோலை அடித்தவர் கூர்ட், அதுவும் தன் அணிக்கு ஓர் ஆள் குறைந்திருந்த நேரத்தில். இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில், இரண்டாம் பகுதி முடிய ஒரு செக்கன் அளவில் இருக்கும்போது, குட்ரோ கொடுத்த பாஸைக் கோல்மன் பாய்ந்து விழுந்தபடி கோலுக்குள் தட்டினார்.

உங்கள் வாதத்திலும் உண்மை உண்டு. கோலில் வசிலெவ்ஸ்கி நின்றார். பொயின்ற்றும் குச்செரோவும் கோலும் பாஸுமாகக் குவித்தார்கள். மூன்றாம் வரிசை மட்டும் கிண்ணம் வெல்லாது. ஆனால் 2019இலும் அந்த நட்சத்திரங்கள் அங்கேதான் இருந்தார்கள். 2020இல் ஸ்ராம்கோஸ் காயத்தால் பிளேஓஃப் முழுவதிலும் மூன்று நிமிடம்கூட விளையாடவில்லை. அப்படியும் வென்றார்கள் என்பதை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: நான் கணித ஆசிரியர். தடுப்பை எப்படி எண்ணால் அளப்பது? பிளஸ்–மைனஸ் என்ற நிரலை நம்பலாமா?
– வாசகர், மல்லாவி

பதில்: தனியாக நம்ப வேண்டாம், சேர். ஆள் எண்ணிக்கை சமமாக இருக்கும்போதோ தன் அணி குறைவாக இருக்கும்போதோ தன் அணி கோல் போட்டால், பனியில் நிற்பவர் எல்லோருக்கும் ஒரு பிளஸ். எதிரணி தன் பக்கத்தில் அதே நிலையில் கோல் போட்டால், அப்போது நிற்பவர்களுக்கு மைனஸ். ஆள் கூடுதலாக இருக்கும்போது போடும் கோலுக்குப் பிளஸ் இல்லை. சிக்கல் எங்கே என்றால், கோல் காப்பாளர் மோசமானவர் என்றால் எல்லோருக்கும் மைனஸ். தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நிமிடத்தில் கோல் காப்பாளரை எடுத்துவிட்டு நட்சத்திரங்களை இறக்கும், வெற்றுக் கோலில் விழும் கோலுக்கும் அவர்களுக்கு மைனஸ். எதிரணியின் மிகச் சிறந்த வரிசையை இரவு முழுவதும் எதிர்கொண்டவருக்கும், எதிரணியின் நான்காம் வரிசையோடு விளையாடியவருக்கும் ஒரே அளவுகோல்.

இதைவிட நல்லது, அவர் பனியில் நிற்கும்போது இரு அணிகளும் கோலை நோக்கி அடித்த அடிகளின் பங்கு. குறி தவறியதும் மறிக்கப்பட்டதும் உட்பட. கோலைவிட அடி பல மடங்கு அதிகம் என்பதால் தற்செயலின் பங்கு குறையும். அதையும் தனியாகப் பார்க்காமல், அவர் எத்தனை தடவை தன் கோல் பக்க வட்டத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்குகிறார், யாருக்கு எதிராக என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கடினமான தொடக்கங்களை எடுத்தும் பங்கு 48, 49 வீதத்தில் நிற்பவர், சுலபமான தொடக்கங்களோடு 52 எடுப்பவரைவிடப் பெறுமதியானவராக இருக்கலாம்.

மறித்த அடிகளின் எண்ணிக்கையில் கவனம். ஒருவர் அதிகம் மறித்திருக்கிறார் என்றால் அவர் துணிந்தவர், சரி. ஆனால் பக் எப்போதும் அவருடைய கோலடியிலேயே கிடந்தது என்றும் பொருள்படும்.

பணப் பெறுமதிக்கு ஒரு மாதிரிக் கணக்கு, வகுப்பில் போட்டுக் காட்டலாம். ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு மூன்று தண்டனை என்று வைத்தால் 82 ஆட்டத்தில் 246. நூற்றுக்கு 20 கோல் வாங்கும் அணி 49 வாங்கும், நூற்றுக்கு 15 வாங்கும் அணி 37. வித்தியாசம் 12 கோல். ஏறத்தாழ ஆறு கோல் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது இந்தத் துறையில் வழக்கமான மதிப்பீடு. ஆக இரண்டு வெற்றி, 4 புள்ளி. பிளேஓஃப்புக்குள் நுழைவதும் நுழையாததும் பல வருடங்களில் அந்தளவு புள்ளியில்தான் தங்குகிறது. இந்த 12 கோலும் ஒருவரால் வந்தது அல்ல, நான்கு பேரும் கோல் காப்பாளரும் பங்கிட வேண்டியது என்பதையும் மாணவருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: 2021இல் மொன்றியல் அணி லீவ்ஸை வென்ற தொடரை அண்ணா இன்னும் மன வருத்தத்தோடு சொல்வார். ஓஸ்டன் மத்தியூஸை எப்படி அடக்கினார்கள்?
– வாசகி, மாங்குளம்

பதில்: அந்தப் பருவத்தில் மத்தியூஸ் 52 ஆட்டத்தில் 41 கோல், லீக்கிலேயே முதலிடம். முதல் சுற்றின் ஏழு ஆட்டத்தில் ஒரு கோல். அவரோடு விளையாடிய மிச் மார்னருக்குக் கோலே இல்லை. ரொறன்ரோ ஆட்டக் கணக்கில் மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் இருந்து தோற்றது. அந்த இருவருக்கும் முன்னால் மொன்றியல் நிறுத்திய நடுக்கள வீரர் பிலிப் டனோ. அந்தப் பிளேஓஃப் முழுவதிலும், மொன்றியல் இறுதிச் சுற்றுவரை போனபோதும், அவருடைய கோல் ஒன்றே ஒன்று.

இது எப்படி நடக்கும் என்றால், ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது ஆள் மாற்றும் கடைசி வாய்ப்பு உள்ளூர் அணிக்கு. எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்துவிட்டுப் பயிற்றுநர் டனோவை அனுப்பலாம். வெளியூரில் அந்த வசதி இல்லை. அங்கே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மத்தியூஸ் வேலியைத் தாண்டும் அதே கணம் இவரும் தாண்ட வேண்டும். தன் 45 செக்கனை 25இல் வெட்டிக்கொண்டு வெளியே வரவும், மறுபடி உடனே போகவும் தயாராக இருப்பவருக்கே இது முடியும்.

பனியில் செய்வது: எப்போதும் மத்தியூஸுக்கும் கோலுக்கும் இடையில் நிற்பது. பக்கைப் பார்த்துக்கொண்டு ஆளை விடுவதுதான் பழகாதவரின் பிழை. அவர் வேகம் எடுக்கும் முன்னரே, நடுத் தளத்தில் ஒரு தடி நீளத்துக்குள் நெருங்கி, வேலியோரம் தள்ளுவது. கோலுக்கு முன்னால் வந்தால் தடியை அவருடைய தடிக்கு மேல் வைத்து அழுத்துவது. உடலால் தள்ளினால் தண்டனை வரும். தடியை அழுத்தினால் அடி வராது. நடுவர் இருவருக்கிடையில் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் பேஸ் ஓஃப்பில் பக்கை வென்று, அவர் தொடாமலேயே அவருடைய முறை முடியச் செய்வது.

அண்ணாவின் ஆறுதலுக்கு ஒன்று: ரொறன்ரோவின் தலைவர் ஜோன் தவாரெஸ் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டு வெளியேறினார். இரண்டாவது ஆபத்தான நடுக்கள வீரர் இல்லாதபோது டனோவை ஒரே ஆள்மேல் வைத்திருக்க மொன்றியலுக்கு வசதியாகிவிட்டது. மொன்றியலின் கோலில் கேரி பிரைஸும் நின்றார்.

கேள்வி: இவர்களுக்குப் பரிசு ஏதும் உண்டா?
– மாணவி, முல்லைத்தீவு

பதில்: உண்டு, பிள்ளை. செல்கி கிண்ணம், தடுப்பில் சிறந்த முன்கள வீரருக்கு. 1978இல் தொடங்கியது. முதல் நான்கு வருடமும் மொன்றியலின் பொப் கெய்னி ஒருவரே எடுத்தார். அவர் 1,160 ஆட்டத்தில் அடித்தது 239 கோல், நட்சத்திரக் கணக்கு அல்ல. ஆனால் 1979 பிளேஓஃப்பின் மிகப் பெறுமதியான வீரர் அவர்தான், ஐந்து ஸ்ரான்லி கிண்ணம் அவரிடம் உண்டு. அதே அணியின் கை கார்பொனோ மூன்று தடவை எடுத்தார்.

பிறகு பரிசின் போக்கு மாறியது. பொஸ்ரனின் பற்றிஸ் பேர்ஜெரோன் ஆறு தடவை, புளோரிடாவின் அலெக்ஸாண்டர் பார்க்கோவ் 2021, 2024, 2025 என மூன்று தடவை. இவர்கள் தடுப்பதோடு நிறையக் கோலும் போடும் முதல் வரிசைத் தலைவர்கள். வாக்களிக்கும் பத்திரிகையாளர்கள் கோலும் பாஸும் சேர்ந்த புள்ளி நிரலைப் பார்க்காமல் இருக்க முடியாது. மூன்றாம் வரிசையில் நின்று தடுப்பை மட்டும் செய்பவர் இப்போது இந்தப் பரிசை எடுப்பது மிகக் கடினம். அது சரியில்லை என்பதே எங்கள் எண்ணம்.

கேள்வி: இவ்வளவு பெறுமதி என்றால் அணிகள் ஏன் இவர்களை விட்டுவிடுகின்றன?
– வாசகர், முறிகண்டி

பதில்: சம்பள உச்சவரம்பு. 2025–26இல் ஓர் அணி செலவிடக்கூடியது 9 கோடி 55 இலட்சம் டொலர். நாலைந்து நட்சத்திரங்கள் அதில் பாதியை எடுத்துவிட்டால் மிச்சம் பதினைந்து பதினாறு பேருக்கு. அதே பருவத்தில் லீக்கின் ஆகக் குறைந்த சம்பளம் 7 இலட்சத்து 75 ஆயிரம். மலிவாக இருக்கும் தடுப்பு வீரர் கிண்ணம் வென்றவுடன் மலிவாக இருக்கமாட்டார். தம்பாவின் அந்த வரிசை 2021 கோடையிலேயே முழுதாகக் கலைந்தது. கூர்டைப் புதிய சியாட்டில் அணி எடுத்தது. கோல்மன் கல்கரிக்கு 49 இலட்சம் வீதம் ஆறு வருடம், குட்ரோ நியூ யோர்க் ரேஞ்சர்ஸுக்கு 36 இலட்சத்து 40 ஆயிரம் வீதம் ஆறு வருடம். டனோவும் அதே கோடையில் 55 இலட்சம் வீதம் ஆறு வருடத்துக்கு லொஸ் ஏஞ்சலிஸ் போனார்.

எங்கள் நிலைப்பாடு: பேஸ் ஓஃப் வெல்லும், தண்டனை நேரத்தில் நிற்கும் நடுக்கள வீரருக்கும், வலக்கைத் தடிப் பின்கள வீரருக்கும் காசு கொடுக்கலாம். அவர்கள் அரிது. நான்காம் வரிசைப் பக்க வீரருக்கு மூன்று வருடத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. இவர்களின் ஆட்டம் காலில் இருக்கிறது. முப்பதைத் தாண்டி ஓர் அடி வேகம் குறைந்தால், முன்பு தடியால் எடுத்ததைப் பிறகு இழுத்துப் பிடித்து எடுக்க வேண்டிவரும், அது தண்டனை. அடி மறித்து வாங்கிய காயங்களும் சேர்ந்து கொள்ளும். டனெவின் ஆறு வருடத்தில் கேள்வி இருக்கிறது என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

கேள்வி: பாடசாலையில் தரை ஹொக்கி தொடங்கியிருக்கிறோம். கிரவல் கலந்த மைதானம். நீங்கள் சொல்லும் தடுப்பை எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கலாமா?
– விளையாட்டு ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: நிற்கும் முறையும், தடி தாழ்த்துவதும், ஆளுக்கும் கோலுக்கும் இடையில் இருப்பதும் அப்படியே பொருந்தும். ஒன்று மட்டும் கட்டாயம் பழக்கக் கூடாது: உடலால் மறிப்பது. ஐஸ் ஹொக்கியில் அது திறமை. தரை ஹொக்கியில் பந்து காலில் பட்டு எதிரணிக்குப் பாதகமானால் தவறு, வட்டத்துக்குள் பட்டால் பெனால்டி கோர்ணர் (எதிரணி கோல் கோட்டுப் பக்கமிருந்து பந்தை உள்ளே தள்ளித் தொடங்கும் தாக்குதல்). தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஒரு பிள்ளையும் பந்துக்குக் குறுக்கே விழ விடாதீர்கள்.

பெனால்டி கோர்ணரில்தான் உங்களுக்கு இந்த வகை வீரர் வேண்டும். கோல் காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால், மிச்சம் எல்லோரும் நடுக்கோட்டுக்கு அப்பால். பந்து உள்ளே வரும் முன் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. கோல் காப்பாளர் அல்லாத ஒருவர் முந்தினால் அவரை நடுக்கோட்டுக்கு அனுப்புவார்கள், பதிலாள் இல்லை, நீங்கள் நால்வர். தொடங்குகிறவர்களுக்கு இரண்டு பேர் ஓட, இரண்டு பேர் கம்பத்தடியில் நிற்கும் முறை போதும். முதல் ஓட்டக்காரர் அடிப்பவரை நோக்கி, அடிக் கோட்டுக்குச் சற்றுப் பக்கமாக, தடியை நிலத்தில் தாழ்த்தியபடி ஓடுவார். எந்தப் பக்கத்தால் ஓடுவது என்று கோல் காப்பாளரோடு முன்னரே பேசி வைக்க வேண்டும், மற்றப் பக்கம் கோல் காப்பாளருடையது. இரண்டாமவர் இரண்டு மூன்று மீற்றர் பின்னால், பக்கத்துக்குத் தட்டிவிடும் பந்துக்காக.

விதியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். முதல் அடியின்போது 5 மீற்றருக்குள் நெருங்கியவரின் முழங்காலுக்குக் கீழே பட்டால் மறுபடி கோர்ணர். இயல்பாக நிற்கும்போது முழங்காலிலோ அதற்கு மேலேயோ பட்டால் அடி ஆபத்தானது என்று தடுக்கும் அணிக்கு இலவச அடி. முதல் அடி ஓங்கி அடித்ததென்றால் கோல் கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீற்றர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. தடியால் இழுத்து எறியும் பந்துக்கு அந்த உயரக் கட்டுப்பாடு இல்லை.

கிரவலில் பந்து எப்படியும் துள்ளும். பந்து வரும் கோட்டுக்கு நேர் பின்னால் உடல் நிற்கக் கூடாது, சற்று இடப்பக்கம் ஒதுங்கி, தடியைக் கிடையாகக் கிடத்தி எடுக்கப் பழக்குங்கள். முதலில் பந்தில்லாமல் ஓட்டப் பாதை மட்டும், பிறகு ரெனிஸ் பந்து, அதற்குப் பிறகே ஹொக்கிப் பந்து, அதுவும் தள்ளிவிடும் பாஸ் மட்டும். முகக்கவசம், இடக்கைக் கையுறை, முழங்கால் காப்பு ஆகிய மூன்றும் இரண்டு ஓட்டக்காரருக்கும் வாங்கும் வரை யாரையும் ஓட விடாமல், நால்வரையும் கோல் கோட்டிலேயே நிறுத்தி விளையாடுங்கள்.